மூன்றாம் பாட்டில் அழுதவள்

பல் டாக்டருக்கு விநோதமான இசை என்றால் உயிர். யாரும் கேட்டிராத எலக்ட்ரானிக் ஆல்பங்களைத் தேடிப் பிடித்து, கட்டாயம் கேளுங்கள் என்று மாதம் ஒரு பட்டியல் இணையத்தில் எழுதுவார். கிளினிக்கிலும் அதையேதான் போடுவார். வாயில் பஞ்சோடு, "டாக்டர், இது பாட்டா, இல்ல மெஷின் எதுவும் ரிப்பேரா?" என்று கேட்டவர்கள் உண்டு. எட்டு வருடமாக அவரிடம் உதவியாளராக இருப்பவள் அந்த இரைச்சலைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அன்று மட்டும் கேட்டாள். அந்த மாதப் பட்டியலில் முதலிடம் அவள் தம்பிக்கு. வாடகை அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆறு வருடம் முட்டி மோதியவன். டாக்டரிடம் அவனைப் பற்றிச் சொன்னதே அவள்தான்.

மூன்றாவது பாட்டின் நடுவே காற்றுபோல ஒரு சத்தம். அதற்கடியில் ஒரு பெண்ணின் தேம்பல், இழுபட்டு, துண்டுபட்டு, திரும்பத் திரும்ப வந்தது. பிறகு தெளிவாக: "நான் அங்க வந்துடட்டுமாடா? இங்க முடியல."

கழுவிக்கொண்டிருந்த இடுக்கி கையிலேயே நின்றது. கணவன் அவளை விட்டுவிட்டுப் போன அன்று தம்பியிடம் போனில் அவள் சொன்ன வார்த்தைகள் அவை. ரெண்டு நாள் பொறு அக்கா என்றிருந்தான். இரண்டு நாள் இரண்டு மாதமானபோதும் அவள் அதைக் குறையாக நினைக்கவில்லை.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். "இந்த இடம்தாம்மா. எந்த நடிகையாலயும் இப்படி அழ முடியாது."

மதியமே தம்பியின் அறைக்குப் போனாள். அவன் மறுக்கவில்லை. அவன் போனில் எல்லா அழைப்பும் தானாகவே பதிவாகிவிடுமாம். அதைவிட உண்மையாக எதுவும் தன்னிடம் இல்லை என்றான்.

"அது நீதான்னு யாருக்குக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல? அன்னைக்கு நான் அழுதப்ப நீ பேசாமலே இருந்தே. நீயும் அழறேன்னு நெனச்சேன்டா."

பாட்டை எடுத்துவிடுகிறேன் என்றான்.

மூன்றாம் நாள் எடுத்தும்விட்டான். எடுத்த இடத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தான்: என் அக்காவின் வாழ்வில் மிகக் கொடிய நாளின் குரல் அது, அவர் வேண்டியதால் நீக்கினேன். அதைப் படித்த பிறகுதான் ஊர் உலகமெல்லாம் பழைய பிரதியைத் தேடி எடுத்துப் பகிர்ந்தது. டாக்டரும் படித்தார். பட்டியலிலிருந்து ஆல்பத்தை நீக்கினார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், ஒரு வாரம் பாட்டே போடவில்லை.

அம்மா போன் செய்தாள். கூடப் பிறந்தவன், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா என்றாள்.

"அவன்தாம்மா என்னை விட்டுக்கொடுத்துட்டான்."

அதைச் சொல்லும்போதும் குரலை உடைய விடவில்லை. பேசி முடித்து, போனை அணைத்து, மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிய பிறகே அழுதாள்.