நாலாம் நம்பர் பனியன்

கல்லில் ஏழு பேருக்குத்தான் இடம். கபடியில் களத்தில் இறங்குவது ஏழு பேர். அதனால் நாற்பது வருஷத்தில் ஆடியவர்களில் ஏழு பேரை மட்டும் பொறுக்கி, அவர்கள் பெயரைக் கருங்கல் பலகையில் வெட்டி, புது மேடையின் பின்சுவரில் பதிப்பது என்று செங்கதிர் கபடிக் குழு தீர்மானம் போட்டிருந்தது. போடும்போது சுலபமாகத்தான் இருந்தது. பெயர் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கம் யாரும் யாரோடும் நிம்மதியாக டீ குடிக்கவில்லை.

"செந்தமிழன் பேரு இல்லாத கல்லா? அத்த கொண்டுபோய் துணி தொவைக்கப் போடுங்க."

"யோவ், அவன் பாடிக்கினு போனா எதிர் டீமு ஒரு பீடி பத்தவெச்சு முடிச்சிடலாம். பாட்டுதான் நீளம், தொட்டது ஒருத்தனும் இல்ல."

"உங்க சித்தப்பன் தொட்டாரே, அம்பயர!"

இப்படியே போனால் கல்லுக்கு முன்னால் யாராவது தலையில் கட்டுப்போட வேண்டியிருக்கும் என்று செயலாளர் தமிழ்வாணன் ஒரு வழி சொன்னான். "வேதகிரி மாமா நோட்டுல இன்னா கீதோ, அதான். நம்பரு யாருக்கும் சொந்தக்காரன் கெடையாது."

அதற்கு எல்லோரும் அடங்கினார்கள். வேதகிரி அப்படிப்பட்ட மனிதர். இளம் வயதில் முழங்கை முறிந்து ஆட முடியாமல் போனதும், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பித்தார். தொழில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எந்தக் கம்பி எத்தனை சுற்று என்று எண்ணிப் பழகிய கை. பாடிப் போகும் ரைடு நீல மையில், பிடி சிவப்பு மையில். பெயர் எழுத ஆட்டத்தில் நேரம் இருக்காது, ஆகவே பனியன் நம்பரைத்தான் எழுதுவார். எந்த நம்பர் யார் என்பது அன்றைய பக்கத்தின் தலையில் இருக்கும். முப்பத்தொரு நீள நோட்டுகள் அவரிடம் இருந்தன.

நோட்டை வைத்து ஆறு பெயர் இரண்டு நாளில் முடிந்தது. மிச்சம் இருந்தது லெஃப்ட் கார்னர்.

கார்னர் என்றால் வரிசையின் ஓரத்தில் நிற்பவன். பார்க்க வந்தவர்கள் கண்ணுக்கு அவன் சும்மா நிற்பதுபோலத்தான் இருக்கும். பாடி வருகிறவன் ஒரு பாயிண்டுக்காகப் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைப்பான். வைக்கும்போது பின்கால் தரையில் இருக்கக் கூடாது, இருந்தால் போனஸ் செல்லாது. அதாவது கண் இமைக்கும் நேரம் அவன் உடம்பு மொத்தமும் முன்காலில் நிற்கிறது. எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் அந்தக் காலை அப்போது அவனால் தூக்க முடியாது. கார்னர் விழுந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டியது அந்த நேரத்தில். கொஞ்சம் முந்தினால் கால் இருக்காது, கொஞ்சம் பிந்தினால் முகத்தில் உதை. இதை வேதகிரி யாரிடம் சொன்னாலும் கீழே குனிந்து, தன் கணுக்காலைத் தானே பிடித்துக் காட்டாமல் விடமாட்டார்.

நோட்டின்படி கோபால் நூற்று எண்பத்தெட்டுப் பிடி. சாம்சன் நூற்று எழுபத்தொன்பது. கோபாலுக்குத்தான் இடம் என்று டீக்கடையில் பேச்சு முடிந்துவிட்டது. வேதகிரிக்கு மட்டும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மேரி அவருடைய பட்டறைக்கு வந்தாள். சாம்சனின் மனைவி. சாம்சன் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"கல்லு வெக்கிறாங்களாமே, அண்ணா. அவரு பேரு வருமா?"

வேதகிரி கையில் இருந்த செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஆட்டத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. பாக்கவும் வந்ததில்ல. போறதுக்கு முந்தின வாரம் அவருதான் சொன்னாரு. நான் எப்பிடி ஆடுனேன்னு வேதகிரி அண்ணனக் கேளு, அவருதான் சொல்லணும், என்னால சொல்ல முடியாதுன்னாரு. மூச்சு வாங்கிக்கினு இருந்துச்சி, அதனால சொல்ல முடியலன்னு நெனச்சேன்."

"வரும் மேரி," என்றார் வேதகிரி. "நான் பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு எத்தனை சுற்று சுற்றினோம் என்று தெரியாமல், கட்டிய காயிலை முழுக்கப் பிரித்தார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மே மாதம் செங்கல்பட்டில் மூன்று நாள் கேடயப் போட்டி. ஆட்டக்காரர் பட்டியலை முன்கூட்டியே அனுப்பியாயிற்று, அதில் சாம்சன் பெயர் இல்லை. உள்ளூர் ஆட்டத்தில் இறக்கினாலும், பட்டியல் போட்ட பெரியவர்கள் காலனிப் பையனை மூன்றாவது மாற்று ஆட்டக்காரனாகக்கூட நினைக்கவில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் கோபாலுக்கு வலது முட்டி பிசகிவிட்டது. பட்டியலை மாற்ற முடியாது. கார்னர் இல்லாமல் போகவும் முடியாது. வேதகிரிதான் யோசனை சொன்னார். கோபாலின் நாலாம் நம்பர் பனியனைச் சாம்சன் போட்டுக்கொள்ளட்டும், மூன்று நாளைக்கு அவன்தான் கோபால். ஆள் மாற்றி ஆடியது வெளியே தெரிந்தால் அணியையே தூக்கிவிடுவார்கள். அதனால் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். வாங்கியதும் வேதகிரிதான்.

மூன்று நாளில் நாலாம் நம்பர் பதினேழு பிடி. சிறந்த பிடி ஆட்டக்காரர் என்று கோபால் பெயருக்குச் சான்றிதழ் தந்தார்கள். அந்தக் காகிதத்தில்தான் கோபாலுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. சாம்சன் திரும்பி வந்து நாற்று நடப் போனான். பதினேழை இங்கே கழித்து அங்கே கூட்டினால் கோபால் நூற்று எழுபத்தொன்று, சாம்சன் நூற்றுத் தொண்ணூற்றாறு. வேதகிரி சனிக்கிழமை முழுக்க இதையே வெவ்வேறு தாளில் போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

குழுக் கூட்டம் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேடை நிழலில் நடக்கும். அன்று முப்பது பேர் போல வந்திருந்தார்கள். திங்களன்று கல்வெட்டுகிறவரிடம் பட்டியல் போக வேண்டும். கோபாலும் வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மாமன் மகன் தாமோதரன்.

"நோட்ட தொறங்க மாமா. கோபால் பேர எயுதிட்டு நாஷ்டாவுக்குப் போலாம்," என்றான் தாமோதரன்.

வேதகிரி எழுந்து நின்றார். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"தொண்ணூத்தாறு செங்கல்பட்டுல கோபால் ஆடல. அவன் பனியனப் போட்டுக்கினு ஆடினது சாம்சன். அந்தப் பதினேழும் சாம்சன் புடிச்சது. பக்கத்து தலையில கோபால்னு எயுதுனது நான்."



"இன்னா மாமா, வெயில்ல நடந்து வந்தியா?" என்றான் தாமோதரன். நாலு பேர் சிரித்தார்கள். அந்த அணியில் ஆடியவர்களில் கூட்டத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் செருப்பைப் பார்த்தார். இன்னொருவர் போன் வந்ததுபோல எழுந்து போனார்.

தமிழ்வாணன் கோபாலைப் பார்த்துக் கேட்டான். "நீயே சொல்லுண்ணா. ஆடுனியா, இல்லியா?"

கோபாலுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருந்தது. அவன் கை வலது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாமல்.

"இருவத்தெட்டு வருசமாச்சுப்பா," என்றான். "எனக்கு இன்னா ஞாபகம் கீது?"

வேதகிரிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் தானே வாயைத் திறக்காதவர், ஆறு வருஷத்துக்குப் பயப்படுகிறவனை என்ன சொல்வது? ஆனால் அடுத்து நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இரு, இரு," என்றான் தாமோதரன். "அந்தப் பக்கம் பொய்யின்னு நீயே சொல்றே. அப்ப மத்தப் பக்கம் மட்டும் எப்பிடி நெசம்?"

"அந்த ஒரு போட்டிதான் தாமோதரா. வேற எங்கயும் நான்..."

"அதையும் நீதான சொல்றே!"

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்ப செந்தமிழனுக்கு எண்பத்தொம்போதுல எழுதுன போனஸும் இப்பிடித்தானா? நான் அன்னிக்கே சொன்னேன், கோட்ட தொடவே இல்ல அவன்."

"உன் கண்ணுக்கு அன்னிக்கும் கோடு தெரியாது, இன்னிக்கும் தெரியாது!"

இரண்டு நாளில் முடிந்துபோயிருந்த ஆறு பெயரும் மறுபடி தெருவுக்கு வந்தன. வேதகிரி நோட்டை விரித்து, நீல மை எது, சிவப்பு மை எது, நாளும் இடமும் எங்கே இருக்கிறது, எதிரணிக்காரன் எங்கே கையெழுத்து போட்டிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் காட்டப் போனார். எந்தப் பக்கத்தை எதோடு ஒத்துப் பார்த்தால் உண்மை தெரியும் என்று அவருக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்டால் பத்து நிமிஷத்தில் விளங்கிவிடும். கேட்க ஆள் இல்லை. சாம்சனிடம் பதினேழைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், அவன் கையில் இருந்த நூற்று எழுபத்தொன்பதையும் சேர்த்து அழித்துவிட்டார். சாம்சனுக்கு இந்தக் கூட்டத்தில் வாய் திறக்க வேறு சாட்சி கிடையாது. நோட்டு ஒன்றுதான்.

தமிழ்வாணன் நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளினான். மரியாதையாகத்தான் தள்ளினான். "பேஜார் வேணாம் மாமா. கை தூக்கிடலாம்."

கோபாலுக்குப் பத்தொன்பது கை. சாம்சனுக்கு நாலு. அந்த நாலில் ஒன்று வேதகிரியுடையது.

எண்ணி முடிக்கும்போது தெற்கே சர்ச்சிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. சாம்சனோடு ஆடிய காலனிக்காரர்கள், அவன் ஆட்டத்துக்கு வேலியோரம் நின்று விசிலடித்தவர்கள், அவ்வளவு பேரும் அங்கே இருந்தார்கள். நாற்பது வருஷமாகக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான். அந்த நேரத்தில் யார் வர முடியாது என்று ஒருவரும் யோசித்ததில்லை. வேண்டுமென்று வைத்ததுகூட இல்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற வேதகிரியும் வராதவர்களை எண்ணியதில்லை.

"அவங்க வர்ற வரைக்கும் நிறுத்துப்பா," என்றார். குரல் போதவில்லை. பட்டியலில் கோபால் என்று எழுதியாகிவிட்டது.

மதியம் அவர் காலனிக்கு நடந்தார். மேரி சர்ச்சிலிருந்து வந்து, அடுப்பில் உலை வைத்திருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"வரல மேரி. நான்தான் காரணம்."

பிறகு முழுதும் சொன்னார். பட்டியல், முட்டி, பனியன், பதினேழு பிடி, காலையில் எழுந்த கைகள். அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எந்த மே மாசம்ணா?"

"தொண்ணூத்தாறு. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு."

மேரி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"பன்னெண்டாந்தேதி எங்கம்மாவ அடக்கம் பண்ணோம்," என்றாள். "அவரு வரல. தேடாத எடமில்ல. பதினாலாந்தேதி வந்து நின்னாரு, ஒடம்பெல்லாம் செராய்ப்பு. எங்க போய்ட்டேன்னு கேட்டதுக்கு, வாலாஜாபாத்ல குடிச்சிட்டு வியுந்து கெடந்தேன்னாரு. அதுக்கு முன்னயும் குடிச்சதில்ல, பின்னயும் குடிச்சதில்ல. நானும் நம்பிட்டேன். நம்பி சும்மா இருந்தனா? சண்டை வரும்போதெல்லாம் அதச் சொல்லித்தான் அடிப்பேன். எங்கம்மா மண்ணுக்குப் போறப்ப நீ குடிச்சிட்டுக் கெடந்தவன்தானன்னு. ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கறப்பகூட ஒரு தபா சொன்னேன்."

வேதகிரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அவரு. ஏண்ணா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டேன் மேரி."

"எது மேல?"

"கொயந்த மேல. ஜெனிஃபர் மேல."

அப்போது ஜெனிஃபருக்கு எட்டு மாதம். மேரி திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. உலை பொங்கி அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. இருவரும் அசையவில்லை.

"கெலிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"கெலிச்சோம். கடைசி பிடி அவன்தான். ஒரு பாயிண்டுல."

"எப்பிடிப் புடிச்சாரு?"

வேதகிரி வாசலுக்கு வந்தார். மண் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. ஒரு குச்சியை எடுத்து நடுக்கோடு கிழித்தார், போனஸ் கோடு, பின்கோடு. இது அவங்க பக்கம், இது நம்ம பக்கம், பாடிக்கினு வந்தவன் இப்பிடித்தான் வந்தான், ஆறடி ஆளு, என்று வழக்கம்போல ஆரம்பித்தார். கணுக்காலைப் பிடித்துக் காட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

மேரி எழுந்து வந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கோடு அழியாமல் காலெடுத்து வைத்து உள்ளே போனாள். இடது ஓரத்தில் போய் நின்றாள்.

"இங்கயா நின்னாரு?"

அவர் நிமிராமலே தலையை அசைத்தார். "இன்னும் ஓரடி பின்னால."

மேரி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.