பூத்தொட்டிக்குப் பின்னால் ஐந்தாவது தூண்

எங்கள் ஊர்க் காப்பிக்கடையில் எனக்குக் குரங்கு மாப்பிள்ளை என்று பெயர். போன வருடம் குரங்கு மலேரியா வந்து பிழைத்ததிலிருந்து இந்தப் பட்டம். கோபப்பட்டால் நிலைத்துவிடும் என்று பயந்து நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததால் நிலைத்துவிட்டது.

"மாப்ளே, மாமனார் வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று எவனாவது கேட்பான்.

"உன்னைத்தான் விசாரிச்சார். காணாமப்போன மூத்த புள்ள ஜாடை இருக்காம்" என்பேன்.

என் மனைவி சிமிலா செத்ததும் இதே காய்ச்சலில்தான். அதைக் கடையில் யாரும் எடுப்பதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் குடாட் பக்கம் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கண்ணாடிச் சில்லில் அவள் இரத்தத்தைப் பார்த்தவர்களுக்கு அது சாதுவான வேறொரு மலேரியாக் கிருமியாகத் தெரிந்தது. இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். சாதுவானது ஒருமுறை குளிரவைத்துவிட்டு இரண்டு நாள் ஓய்வெடுக்கும். இது தினமும் வந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த வாரமே அவளைப் புதைத்தோம்.

பிறகு மலேரியாவுக்கு இரத்தம் பார்க்க எங்கள் ஊருக்கு ஒரு மரப்பலகை அறை வந்தது. உள்ளே ஒரு நுண்ணோக்கி, ஒரு மேசை, பக்கத்து ஊர்க்காரி ஜூஸ்லின். விரலைக் குத்தி ஒரு சொட்டு கொடுத்துவிட்டு, காப்பிக்கடையில் நாலு வம்பு பேசி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். நான் பிழைத்தது அப்படித்தான். குரங்குக் கிருமி என்று அங்கே சொன்னதால் வந்ததுதான் மாப்பிள்ளைப் பட்டமும்.

ஒரு நாள் ஜூஸ்லின் கடைக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அறையை மூடப் போறாங்க. மனுஷ மலேரியா ஒழிஞ்சுபோச்சாம்."

"அப்ப எனக்கு வந்தது?"

"அது குரங்கோடதுண்ணே. கொசு குரங்கைக் கடிச்சிட்டு வந்து உங்களக் கடிச்சிருக்கு. மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்குப் போனாத்தான் கணக்குல வரும்."

"நான் செத்திருந்தா?"

"செத்திருந்தாலும்."

"நல்லதாப் போச்சு. செத்தும் நாட்டுக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்திருக்க மாட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. நான் என் மகளை நினைத்துக்கொண்டேன். ரினிமா காட்டோர ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவுகிறவள். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவாள். மேலே கிளைகளில் நீளவால் குரங்குகள், கீழே அவள், நடுவில் கொசு. அவள் புருஷன் கடல் தாண்டி ஜொகூரில் ஏதோ தொழிற்சாலையில். அவள் வயிற்றில் நாலு மாதம்.

அறை மூடப்பட்டால் இரத்தம் பார்க்கப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் பாதிப் பாதை ஆற்றோடு போய்விடும்.

மலேரியா ஒழிந்ததைக் கொண்டாடப் பட்டணத்து மண்டபத்தில் விழா வைத்தார்கள். குணமானவர்களில் ஒருவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் ஒரு பனியன். வயிற்றுப் பக்கம் சோற்றுத்தட்டு அளவுக்குப் பெரிய பூஜ்யம். என் தொப்பையில் அது பூசணிக்காய் மாதிரி இருந்தது. மேடையில் ஒரு பலகை. எந்தக் கிருமி எத்தனை பேருக்கு வந்தது என்று தூண் தூணாகப் போட்டிருந்தார்கள். நான்கு மனுஷக் கிருமிகளின் இடத்தில் வெறும் தரை. ஐந்தாவது, அந்தக் குரங்குக் கிருமியின் தூண் மட்டும் பலகையின் உச்சியை இடித்துக்கொண்டு ஓரமாக, சாம்பல் நிறத்தில் நின்றது. அதற்கு முன்னால் ஒரு பெரிய பூத்தொட்டி.

விழாவை நடத்திய சுகாதாரத் துறை டாக்டர் ஹைருல் என்னைப் பேச அழைத்தார். அறையைக் கேட்டு வாங்கிவிடுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் அந்தப் பூத்தொட்டிக்குப் பின்னாடி இருக்கறவன்" என்றேன்.

மண்டபம் சிரித்தது.

"என் பொண்டாட்டியும் அங்கதான் இருக்கா."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எட்டிக்கூடப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கய்யா, அவ செத்துட்டா. அந்த அறைய மட்டும் எடுத்துறாதீங்க. என் மக புள்ளத்தாச்சி, குரங்குக்குக் கீழ நின்னு வேலை செய்றா. குரங்கு யாரு, மனுஷன் யாருன்னு உங்களுக்குத் தெரியுது. கொசுவுக்குத் தெரியலையே!"

கடைசி வரியில் கைதட்டல் கூரையைத் தொட்டது. வாழ்நாள் முழுக்கக் கோமாளியாக இருந்தவன் திடீரென்று உண்மை பேசினால் அதுவும் வேஷத்தில் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

கீழே இறங்கியதும் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குப் புரியுதுங்க. மேலயும் சொல்லிப் பாத்தேன். அந்த அறை மனுஷ மலேரியாவுக்குன்னு வந்தது. அது இல்லன்னு ஆனதும் எதைச் சொல்லி அறையைக் கேக்கறது?"

"அந்தத் தூணைச் சொல்லிக் கேளுங்க."

"அந்தத் தூணை மனுஷன் பக்கம் வைக்கிறதா, குரங்கு பக்கம் வைக்கிறதான்னே இன்னும் முடிவாகலீங்க" என்றார்.

அடுத்த வாரம் அறையைக் காலி செய்ய வண்டி வந்தது. நுண்ணோக்கியைத் தூக்கி ஏற்றியவர்களில் நானும் ஒருவன். கனமான சாமான், ஜூஸ்லின் தனியாகத் திணறினாள், பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பனியனை ரினிமா எடுத்துக்கொண்டாள். வயிற்றுக்குத் தாராளமாக இருக்கிறது என்று அதைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவாள். மழை பிடித்த நாட்களில் அவளுக்கு உடம்பு சுட்டது.

"பட்டணத்துக்குப் போய் ரத்தம் பாத்துடலாம்மா."

"எதுக்குப்பா? மலேரியாதான் இல்லையே, பனியன்லயே போட்டிருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும். நீங்க கண்டீங்களாக்கும்!"

நகைச்சுவை என்னிடமிருந்து ஒட்டியதுதான். நானும் சிரித்தேன். மறுநாளும் அதே நேரத்துக்குக் குளிர் வந்தது. அதற்கு மறுநாளும். அப்போது எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அதற்குள் பாதையும் போயிருந்தது. ஆற்றைச் சுற்றி, கடன் வாங்கிய லாரியில் அவளைக் கொண்டுசேர்க்க அந்தி சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தவள் ஜூஸ்லின்; அறை போனதும் அவளை அங்கே மாற்றியிருந்தார்கள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"குரங்கோடதுதான் அண்ணே. ரத்தம் பூரா இருக்கு. மருந்து ஏத்தியாச்சு."

ரினிமா பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

"ஜூஸ்லின், வயித்துல இருந்ததை எந்தத் தூண்ல சேப்பீங்க?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. அவள் சில்லைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ரினிமா கண்விழித்ததும், "குளிருதுப்பா, அந்தப் பனியனைக் குடுங்க" என்றாள்.

போட்டுவிட்டேன். பூஜ்யம் அவள் வயிற்றின் மேல் வந்து படிந்தது. இப்போது அந்தப் பனியன் அவளுக்கு ரொம்பத் தொளதொளவென்று இருந்தது.