முப்பத்திரண்டு வருடம் பிந்திய கோபுரம்

கேட்காமலே இருந்திருக்கலாம். கோட்டை வாசல் கதவில் இரும்புக் குமிழ் ஐந்து வரிசையா ஆறு வரிசையா என்று ஜப்பானில் இருக்கிற ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு நான் மின்னஞ்சல் அனுப்பியிருக்கவே வேண்டாம். கண்காட்சிக்காக ஒரு பழைய ஜப்பானிய முற்றுகையைக் காட்டி நாங்கள் செய்த மினியேச்சர் கோட்டையில் அந்தக் குமிழைப் பார்க்கவே பூதக்கண்ணாடி வேண்டும். ஆனாலும் எழுதினேன். அதோடு விட்டேனா? எங்கள் திறமையைப் பாருங்கள் என்று மொத்தக் கோட்டையின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

இன்று காலை அச்சகத்தில் ஒரு பாடப்புத்தகத்தின் இரண்டாவது புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. யாரோ ஒரு அம்மாள், மகா மரியாதையாக எழுதியிருந்தார். குமிழ் ஐந்து வரிசை. வேலைப்பாடு பிரமிக்க வைக்கிறது. இவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் ஊர் முற்றுகையை நினைத்துப் பார்த்ததற்கு நன்றி. கடைசியில், போகிற போக்கில் ஒரே ஒரு வரி. படத்தில் தெரியும் ஐந்தடுக்கு வெள்ளைக் கோபுரம் முற்றுகை முடிந்து முப்பத்திரண்டு வருடம் கழித்து, வென்றவர்கள் கட்டியது. முற்றுகையின்போது அந்தக் குன்றின் மேல் மரவேலியும் பலகைக் கூரை போட்ட சில கொட்டகைகளும்தான் இருந்தன.

நாலு தடவை படித்தேன். முப்பது வருடமாகப் பிழை திருத்தியே சாப்பிடுகிறவன் நான். எங்கேயாவது ஒரு ஒற்று விட்டுப்போனால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஆனால் படம் என் வேலை இல்லை. அச்சகத்தில் எழுத்து எனக்கு, படம் வடிவமைக்கிறவர்களுக்கு. இந்த முற்றுகை பற்றி மூன்று புத்தகங்களை வரிவரியாகப் படித்தேன். எவன் எந்தப் பக்கம் நின்றான், எத்தனை நாள் சோறில்லாமல் கிடந்தார்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். கோபுரத்தை மட்டும் புத்தகத்தின் அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டேன். முற்றுகைப் புத்தகத்தின் அட்டையில் இருந்தால் முற்றுகையின்போது இருந்த கோபுரம்தானே! அந்த அட்டையைப் போட்ட மகராசன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்து எட்டு மாதம் உழைத்தவன் என் மச்சினன்.

அவன் பல்செட் செய்கிறவன். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் தன் லேப்பில் உட்கார்ந்து பல் கட்டி அனுப்புவான். அதே பிளாஸ்டர் மாவு, அதே மெழுகு, அதே ஊசிமுனைக் கருவிகள்தான் கோபுரத்துக்கும். கூரை ஓடு மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம். படிப்பு நான், கை அவன் என்பது எங்கள் ஏற்பாடு.

அதற்கு முன்னால் ஆறு வருடம் எங்களுக்குள் பேச்சு வார்த்தையே இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு அவனை, சொந்தத் தாய்மாமனை, நேரில் போய்க் கூப்பிடாமல் போனில் ஒரு செய்தி தட்டிவிட்டேன். ஊர்ப்பட்ட வேலை, நம்ம வீட்டு ஆள்தானே என்ற நினைப்பு. அவன் வரவில்லை. மகள் மேடையில் நின்றபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடக் கண்காட்சியில்தான் ஒரே மேஜைக்கு முன்னால் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டோம். மேஜை மேல், யார் வேலையிலும் பிழையைக் குத்திக் காட்டி எங்கள் மினியேச்சர் குழுவில் குண்டூசி என்று பேர் வாங்கிய மனிதரின் கோட்டை. "இந்தக் கதவு தப்பு" என்று நான் முணுமுணுத்தேன். "ஆமா மாமா, கீல் இந்தப் பக்கம் வரணும்" என்றான் அவன். அவ்வளவுதான், பேசிவிட்டோம். குண்டூசி காதிலும் அது விழுந்துவிட்டது. இந்த வருடம் எங்கள் மேஜைக்கு அவர் சும்மா வரப்போவதில்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்குங்க தெரியப்போவுது?"

"குண்டூசிக்குத் தெரியும். நாலு பேர் முன்னாடி உன் தம்பி மூஞ்சியப் பாத்துச் சொல்லுவாரு. தப்பு பண்ணது நானு, தலைகுனியறது அவனா?"

"அப்ப போனப் போட்டு..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். "ஆறு வருஷம் கழிச்சு என் தம்பி இந்த வீட்டுல வந்து உக்காந்து சாப்பிடுறான். உங்க சாமுராய் சண்டைல அதுல மண்ணப் போட்றாதீங்க, சொல்லிட்டேன்."

எரிச்சல் எரிச்சலாக வந்தது. அட்டை போட்டவன் மேல், குண்டூசி மேல், அந்த மரியாதைக்கார அம்மாள் மேல். எல்லாரையும் சுற்றிவிட்டு என்னிடமே வந்து நின்றது. மச்சினன் லேப்புக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்தும்கூடப் பழைய புத்தி போகவில்லை. போனில் மூன்று தடவை செய்தி எழுதி மூன்று தடவையும் அழித்தேன்.

லேப்பில் மச்சினன் கண்ணிமை வரை வெள்ளை மாவோடு ஒரு கீழ்த்தாடை அச்சை மெஷினில் ராவிக்கொண்டிருந்தான். மேஜை பூராவும் யார் யாருடைய தாடைகளோ, சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டியவை, சீட்டு ஒட்டி வரிசையாக நின்றன. மூலையில் பலகை மேல் எங்கள் கோட்டை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பதில் வந்துச்சா மாமா?"

"அஞ்சு வரிசையாம்."

"அடடா, ஆறா ஒட்டிட்டேனே! பரவால்ல, ஒரு மணி நேர வேல."

அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. "அதில்ல மாப்ள" என்று தொடங்கி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

மெஷினை நிறுத்தினான்.

"புஸ்தகத்துல பாத்துட்டேன்னு சொன்னீங்க."

"அட்டையில பாத்தேன்."

"அட்டையில." அந்த வார்த்தையை மென்றான். "எட்டு மாசம் மாமா. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம."

அவன் கையிலிருந்த தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வெளியே யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள்.

"இதப் போன்லயே சொல்லிருக்கலாமே. இதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம்?"

"போன்ல சொன்னதுக்குத்தான் ஆறு வருஷம் ஆச்சு."

அவன் சிரிக்கவில்லை.

"தப்பு என்னுது மாப்ள. இதுவும், அதுவும். வீடு தேடி வந்து உன்னக் கூப்பிட்டிருக்கணும்."

"ரெண்டையும் ஒரே நடையில முடிச்சிடலாம்னு வந்தீங்களா?"

எனக்கு முகம் சுட்டது. அவன் எழுந்து கையைத் துணியில் துடைத்தான். மூலைக்குப் போய்க் கோபுரத்தின் அடியில் கை கொடுத்தான். பிறகு, "அந்தப் பக்கம் பிடிங்க" என்றான்.

கோபுரம் காரில் ஏற வேண்டும் என்று தனியாகக் கழற்றும்படிதான் செய்திருந்தான். பன்னிரண்டு கிலோ மாவு. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கீழே மொட்டைக் குன்றும் கோபுரம் செருகியிருந்த நாலு துளையும். ஒரு ஓடுகூட உதிரவில்லை. தூக்கிய பிறகுதான் பார்த்தோம், இறக்கி வைக்க இடமே இல்லை. மேஜையில் தாடைகள், அலமாரித் தட்டு அகலம் பற்றாது, தரையெல்லாம் வண்ணம் காயப் போட்ட குதிரைகள்.

"எங்க வெக்கிறது?"

"அதத்தான் பாக்குறேன். விட்றாதீங்க மாமா."

"நீ விட்றாத."

கோபுரத்தின் மேலடுக்குக்கு அந்தப் பக்கம் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. குன்றைச் சுற்றி நாங்கள் நிறுத்தியிருந்த நூற்றிருபது வீரர்களும் ஈட்டியை எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்கும் நேராக நீட்டிக்கொண்டு நின்றார்கள்.