நினைவு மலரின் பதினோராம் பக்கம்

காலை ஐந்தரைக்கு எழும்பினேன். மோட்டரைப் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினேன். ஒரு முட்டை அவித்துச் சாப்பிட்டேன். சேவ் எடுத்தேன். பிறகு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தொப்பியையும் வைத்தேன். எங்கள் ஊர் சுருவிலில் நான்கு மாதமாக மழை இல்லை.

கோட்டு நிருபனுடையது. நிருபன், செத்துப்போன என் மனைவி வதனியின் தம்பி. விசாச் சிக்கலில் அக்காவின் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவன். இப்போது ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்து, கறுப்பு வெள்ளையில் ஒரு குறும்படம் எடுக்கிறான். நான்தான் துப்பறிவாளன்.

"ஏன் நான்?" என்று கேட்டேன்.

"உங்கட முகம் ஏற்கெனவே செத்துப்போச்சு அத்தான். நடிக்கத் தேவையில்லை."

அந்த வகைப் படத்துக்கு இருட்டும் ஈரத் தெருவும் சிகரெட் புகையும் வேண்டும். எங்களிடம் வெயிலும் ஆடுகளும் இருந்தன. பனைமட்டை வேலியின் நிழலை என் முகத்தில் கோடுகோடாக விழுத்தினான். புகைக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை கொளுத்தினோம். நுளம்பு கடிக்காது, நிப்பாட்ட வேண்டாம் என்றார் பக்கத்து வளவு முருகேசு அண்ணை.

"துப்பறியும் கதையில ஆர் செய்தது எண்டு கடைசியில தெரியும்," என்றான் நிருபன். "இதில அது முக்கியமில்லை. எல்லாரிலயும் ஒரு குற்றம் இருக்கும்."

கடைசிக் காட்சி சாட்டிக் கடற்கரையில். கொள்ளைக்காரியாக நடித்த முன்பள்ளி ஆசிரியை கிருசாந்தி, குண்டடி பட்டு என் மடியில் கிடந்தாள். கண்ணைத் திறந்து சொன்னாள்:

"அன்பரே, தம்பியைத் தேற்றுங்கள். நான் இறைவனடி செல்கிறேன்."

நான் எழும்பிவிட்டேன். அவளுடைய தலை மணலில் விழுந்தது.

"சொல்லிப்போட்டு எழும்பியிருக்கலாம் சேர்," என்றாள்.

"இந்த வசனத்தை எங்க எடுத்தனீ?" என்று நிருபனைக் கேட்டேன்.

"நினைவு மலரில. பதினோராம் பக்கம். அக்கா கடைசியாச் சொன்னது எண்டு போட்டிருக்கு."

வதனியின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த புத்தகம் அது. அச்சகத்துக்காரர் எல்லாப் பிரேதத்துக்கும் அதையே எழுதுவார். என் பெரியம்மாவின் மலரில் தம்பிக்குப் பதிலாக மகன், அவ்வளவுதான். வதனி ஒருநாளும் என்னை அன்பரே என்றதில்லை. கம்பஸில் சந்தித்த நாள் முதல் 'நீர்' தான். நான் வாசிக்காமலே அச்சுக்கு விட்டேன்.

அதைச் சொன்னேன். நிருபன் கமராவை நிப்பாட்டிவிட்டு மணலில் இருந்தான்.

"அப்ப உண்மையா என்ன சொன்னவ? நான் வரேல்லை எண்டு கோவமோ? என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

எட்டு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன். அவள் சொன்னதில் 'தம்பி' என்ற சொல் இருந்தது.

"சொல்லுங்கோ அத்தான்."

சொன்னேன். ஆஸ்பத்திரியில், பின்னேரம் மூன்று மணி. அவள் முடித்துவிட்டுத் தந்த துப்பறியும் நாவலோடு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அதில் பணக்காரர் ஒருவரைச் சுட்டது அவருடைய மனைவியா, தம்பியா என்று தெரியாத இடம். அவள் என்னையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். சிரித்தாள். ஒன்று சொன்னாள்; அதற்குப் பிறகு அவள் பேசவேயில்லை.

"இன்னும் முடிக்கேல்லையோ நீர்? மினக்கெடாதையும். சுட்டது தம்பிதான்."