மருதமுனைக்கு வரும் நோவு

றிஸ்கான் தோஹாவில் சீமெந்து மூட்டையொன்றைத் தோளில் ஏற்றியபோது இழுபட்ட தசையின் வலி, மருதமுனையில் அவனுடைய மனைவி றிபாவின் தோளுக்கு வந்து சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். றிபா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அரிக்கன் சட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. பின்னேரமாவதற்குள் தோள் வீங்கிச் சட்டையின் கை இறுகிவிட்டது. ஒரே கொட்டிலில் அவளோடு கைத்தறி நெய்கிற பக்கத்து வீட்டு உம்மு, நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு உருவிவிட வந்தாள். றிபா தொடவே விடவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் கல்முனைக்குப் போய், இயன்மருத்துவர் கிருஷிகாவிடம் காட்டினாள்.

“என்ன பாரம் தூக்கினீங்க?” என்று கிருஷிகா கேட்டாள்.

“ஒண்டும் தூக்கல்ல மிஸ். அரிசிதான் களைஞ்சன்.”

கிருஷிகா அட்டையில் அரிசி என்றே எழுதிக்கொண்டு, வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொன்னாள். முதல் இரண்டு நாளும் உருவக் கூடாது, சூடு காட்டக் கூடாது. ஐஸைத் துவாயில் சுற்றி ஒரு கால்மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்ப வைக்க வேண்டும். இழுபடும் துணியால் கட்டலாம். விரல் குளிர்ந்தாலோ விறைத்தாலோ உடனே தளர்த்திவிட வேண்டும். வீக்கம் வற்றிய பிறகு மெல்ல மெல்ல அசைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இளஞ்சூடு. இதில் கடினமான வேலை ஒன்றுமில்லை என்று கிருஷிகா நினைத்தாள். வீட்டில் இன்னொருவர் இருக்கிறவர்களுக்கு அது உண்மைதான்.

றிபாவின் வீட்டில் இன்னொருவர் இருக்கவில்லை. கலியாணம் முடிந்து பதினொரு மாதத்தில் றிஸ்கான் கட்டட வேலைக்குப் போய்விட்டான். பிள்ளை இல்லை. உம்மாவும் இல்லை, மௌத்தாகி நாலு வருடம். தங்கை மாவடிப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டு, வயல் வேலை முடிகிற காலத்தில் மட்டும் வந்து போகிறவள். ஆகவே றிபா தோளுக்குத் தானே கட்டுப்போடப் பழகினாள். துணியின் ஒரு நுனியை அலுமாரிக் கதவில் வைத்துப் பூட்டி, மறு நுனியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுற்றிச் சுற்றி அலுமாரியை நோக்கி நடந்தாள். அலுமாரியை அடையும்போது கட்டு முடிந்திருக்கும். பின்னாளில் முதுகில் நோவு வந்தபோது கை எட்டவில்லை. ஐஸ் பையை முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்துகொண்டு, கால்மணி நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நிற்பாள். அந்தச் சுவரில் ஈரம் பிடித்த இடத்தில் பூச்சு உதிர்வதை, மூன்று வருடத்தில் அவளளவுக்கு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

முதல் நோவு வந்த அன்றே றிஸ்கான் வட்ஸ்அப்பில் கதைத்தான். “இண்டைக்குத் தோள்ள டப்பெண்டு ஒரு சத்தம் கேட்டிச்சி புள்ள. ஆனா ஒரு நோவும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்.” அன்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏப்ரலில் அவன் இரும்புக்கம்பி இழுத்த நாளில் அவளுடைய தொடை பிடித்துக்கொண்டது. ஜூனில் அவன் ஏணியிலிருந்து தவறி இறங்கிய நேரத்தில், தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் இடுப்பு இழுபட்டது. அதன் பிறகு அவள் கேட்டுப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஒழுங்கையில் குடியிருந்த சனத்துக்கும் விளங்கிவிட்டது. றிபா எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறாள் என்பதைப் பார்த்து, றிஸ்கானுக்கு இப்போது கம்பி வேலையா கொங்கிறீட் வேலையா என்று சொல்லப் பழகினார்கள். சிலர் பள்ளிவாசல் மௌலவியிடம் போய் விசாரித்தார்கள். புருசனின் நோவைப் பெண்சாதி தாங்குவதற்குக் கிதாபுகளில் தடை எதையும் தான் காணவில்லை என்று அவர் சொன்னார். பிறகு, கழுத்துப் பிடிப்புக்கு றிபா ஐஸ் வைக்கிறாளா சூடு வைக்கிறாளா என்று கேட்டனுப்பினார்.

றிஸ்கானுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நோகாத மனுசன் என்று அவன் வேலைத்தளத்தில் பேரெடுத்திருந்தான். மற்ற நாலுபேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் அவன் தூக்கினான். மேற்பார்வையாளர் பாரமான வேலைக்கெல்லாம் அவனையே கூப்பிட்டார். சின்ன வயதில் மெலிந்தவன் என்று எல்லோரும் பகிடி பண்ணிய ஒருவனுக்கு இது லேசான சந்தோசம் இல்லை. கைவிட முடியாத ஆளானபடியால், இரண்டு வருடத்தில் கிடைக்க வேண்டிய லீவையும் ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள், அவனும் சம்மதித்தான். றிபா வாயைத் திறக்காததற்கு அவனுடைய சந்தோசம் ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவள் உம்முவிடம்கூடச் சொல்லவில்லை. நோவு வந்து தங்கும் நாட்களில், வீட்டில் அவள் கவனிப்பதற்கு ஒன்று இருந்தது. அதற்காக எழும்பினாள், ஐஸ் மாற்றினாள், பசிக்காவிட்டாலும் மருந்துக்காகச் சாப்பிட்டாள். நோவு போன மறுநாள் வீடு பெரிதாகிவிடும்.

2024 ஒக்டோபரில், ஒரு வியாழக்கிழமை, இடது கெண்டைக்கால் போனது. தறியின் மிதியில் கால் வைத்திருந்தபோது, பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. எழும்பினாள், விழுந்தாள். அடுத்த நாள் காலை உம்மு ஓட்டோ பிடித்து அவளைக் கல்முனைக்குக் கொண்டுபோனாள். கால் ஊன்ற முடியாவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விசயமில்லை என்று கிருஷிகா முதலில் ஸ்கேன் எடுக்க அனுப்பினாள். படத்தில் றிபாவின் தசை கீறல்கூட இல்லாமல் முழுதாக இருந்தது. கிருஷிகா படத்தையும் வீங்கிய காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அரிசி களைந்ததிலிருந்து அன்றுவரை நடந்த எல்லாவற்றையும் உம்மு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

கிருஷிகா வியந்துகொண்டு நிற்கவில்லை. “அப்ப கிழிஞ்ச கால் அங்க நடந்து திரியுது,” என்றாள். “நீங்க இஞ்ச ஐஸ் வைச்சு என்ன பிரயோசனம்? நோவு எண்டது, நில் எண்டு சொல்லுறதுக்குத்தானே. அவருக்கு ஆரு சொல்லுறது? இன்னும் ரெண்டு நாள் பாரம் தூக்கினாரெண்டா முழுசா அறுந்திடும். இண்டைக்கே கதையுங்க.”

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து றிஸ்கான் அறைக்கு வந்திருந்தான். றிபா காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துக்கொண்டு அவனுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

“மச்சான், இடது கால ஒருக்காக் காட்டுங்க.”

“கால்ல என்ன?”

“காட்டுங்களன்.”

அவன் காற்சட்டையைச் சுருட்டினான். கெண்டையிலிருந்து கணுக்கால் வரைக்கும் நாவற்பழ நிறத்தில் கறுத்திருந்தது. அவனும் அப்போதுதான் அதைப் பார்த்தான். “எங்கயோ அடிபட்டிரிக்கி. நோகல்ல,” என்றான்.

“நோவு இஞ்ச இரிக்கி.”

அவன் சிரித்துக்கொண்டே பெருவிரலால் அந்த இடத்தை அழுத்தினான். றிபா அலறினாள். லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவன் திரும்பவும் அழுத்தினான். இம்முறை அவளுடைய கையிலிருந்து போன் விழுந்து, கூரை மட்டும் தெரிந்தது. அவள் அதை எடுத்து நிமிர்த்தியபோது, பெருவிரல் காலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

“எப்ப இருந்து?”

“முதல் சீமெந்து மூட்டையில இருந்து.”

“மூணு வருசம் கிட்ட. ஏன் செல்லல்ல?”

“நீங்க சந்தோசமா இருந்தீங்க.”

அவன் போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். தோள் குலுங்குவது தெரிந்தது. அந்தத் தோளில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவனைவிட அவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் அவன் மருத்துவரிடம் போனான். பத்துக்கு எத்தனை நோவு என்று மருத்துவர் கேட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். றிபா எட்டு என்று எழுதி அனுப்பினாள். ஆறு கிழமை, ஒன்றரை மாத ஓய்வு கிடைத்தது. அந்த ஆறு கிழமையும் இருவரும் இடது காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார்கள். போன் இரண்டு பக்கமும் தலையணையில் சாய்ந்திருந்தது. அவன் ஐஸ் வைத்தால் அவளுக்குக் குளிரவில்லை. ஆனால் நோவு இறங்கியது. மூன்றாம் கிழமை அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்திப் பழகியபோது, இங்கிருந்து அவள்தான் போதும் என்று நிறுத்தினாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

கால் ஆறிய பிறகு றிஸ்கான் பாரவேலைக்குப் போகவில்லை. சாமான் கொடுத்து வாங்கும் களஞ்சிய அறையில் ஓர் இடம் கேட்டு வாங்கினான். நோகாத மனுசன் என்ற பேரை வேறொருவன் எடுத்துக்கொண்டான். வேலை மாறியதால் லீவு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது. மருதமுனையில் றிபாவுக்கு ஜனவரி முழுக்க ஒன்றும் நோகவில்லை, பெப்ரவரியிலும் நோகவில்லை. பிரிஜ்ஜில் ஐஸ் நிறைந்த யோகட் கோப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொட்டினாள். நேரே நடந்தாள். ஒழுங்கையில் யாரும் அவளிடம் றிஸ்கானைப் பற்றி விசாரிக்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே சுள்ளென்றது. எறும்பு என்று தட்டிவிட்டாள். அடுத்த நாளும் அதே நேரம், அதே இடம். சின்னதாகச் சிவந்தும் இருந்தது. வெள்ளிக்கிழமை கதைக்கும்போது கேட்டாள்.

“அது நான்தான் புள்ள,” என்றான் றிஸ்கான். “வேலைக்கு இறங்கக்குள்ள ஒருக்காக் கிள்ளுவன்.”

போனை வைத்த பிறகு றிபாவும் தன் கையைக் கிள்ளினாள். மெல்லக் கிள்ளினாள், பிறகு கன்றிப்போகும்படி கிள்ளினாள். அங்கே ஏதாவது தெரிந்ததா என்று அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டபோது, அவன் இல்லை என்று உள்ளதைச் சொன்னான். அவளுடைய நோவு அவளோடேயே இருந்தது, எங்கும் போகவில்லை. அவள் அதைப் பிறகு முயன்று பார்க்கவில்லை.

இப்போதும் வெள்ளி தவிர எல்லா நாளும் எட்டரைக்கு அது வருகிறது. கொட்டிலில் எதிர்த் தறியில் இருக்கும் உம்மு, றிபா ஊடுநூல் ஓட்டும் நாடாவை நிறுத்திக் கையைப் பார்ப்பதைக் காண்பாள்.

“றிஸ்கான் வேலைக்குப் போயிட்டாரா?” என்று கேட்பாள்.

“ஓம் ராத்தா, போயிட்டார்,” என்று சொல்லி, றிபா சட்டைக் கையை இறக்கிவிட்டுச் சாறனின் கரையை நெய்யத் தொடங்குவாள்.