இரண்டு கிலோ கூட்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் அழகாகப் போட்டிருக்கும். பி.டி. டீச்சர் நான். ஆனால் பள்ளி திறந்த நாளிலிருந்து அந்த இரண்டும் கணக்கு சாருக்குத்தான். "போர்ஷன் முடியல டீச்சர், இன்னைக்கு மட்டும் குடுங்க" என்பார். அந்த 'இன்னைக்கு மட்டும்' ஐந்து மாதமாக நடக்கிறது. குதிக்கவும் ஓடவும் போர்ஷன் கிடையாது பாருங்கள், அதனால் என் பீரியடை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த லட்சணத்தில் உடல்நல அட்டை வேறு. உயரம், எடை, கீழே என் கையெழுத்து. பிள்ளைகளை அளக்க எனக்குப் பீரியட் எங்கே இருக்கிறது? தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன்.

"இதுக்கா இவ்ளோ டென்ஷன்? போன வருஷத்தோட ரெண்டு கிலோ, நாலு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டுடுங்க. வளர்ற புள்ளைங்கதானே!"

நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரே சாயங்காலத்தில் இரண்டு கிலோ ஏறினார்கள். ஏற்றியது நான்தான். அட்டைகள் வீட்டுக்குப் போய், பெற்றோர் கையெழுத்தோடு திரும்பி வந்தன. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை கணக்கு சார் பல் பிடுங்கப் போய்விட்டார். அந்தப் பல்லுக்குக் கோடி புண்ணியம்! வகுப்பை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு ரவுண்டு ஓடச் சொன்னால், பாதியிலேயே விலகிக் குழாயடிக்குப் போய் நின்றாள் டேங்க்.

டேங்க் என்பது கணக்கு சார் வைத்த பெயர். எந்நேரமும் தண்ணீர் குடிப்பாள், குடித்த கையோடு வெளியே போகணும் என்று கை தூக்குவாள். "என்ன டேங்க், ரொம்பிடுச்சா?" என்பார் சார். வகுப்பே சிரிக்கும், அவளை மட்டும் வெளியே விடமாட்டார். நானும் ஒரு தடவை சிரித்திருக்கிறேன்.

விளையாட்டுச் சாமான் அறையில் வாலிபால் வலைக்கு அடியில் கிடந்த எடை மெஷினைத் துடைத்து வெளியே வைத்து, வரிசையாக ஏறச் சொன்னேன். டேங்க் ஏறினாள். முப்பத்தொன்று. அட்டையில் முப்பத்தெட்டு. மெஷின் கெட்டுவிட்டதோ என்று நானே ஏறிப் பார்த்தேன். என் எடை வெட்கமில்லாமல் அப்படியே இருந்தது. போன வருஷம் நிஜமாகவே அளந்தபோது அவள் முப்பத்தாறு.

"ஒழுங்கா சாப்பிடறியாடி?"

"நல்லா சாப்பிடறேன் மிஸ். எப்பவும் பசிக்குது. தாகம் வேற."

அவளை நிழலில் உட்காரவைத்துவிட்டு, அவள் அட்டையோடு தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன்.

"மேடம், இவ முப்பத்தொரு கிலோதான் இருக்கா. அம்மாவ வரச்சொல்லணும். இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். "முப்பத்தெட்டுன்னு இருக்கே. கீழ கையெழுத்து யாருது?"

"என்னுதுதான்."

"அப்போ பொய் எழுதினது நீங்கன்னு ஆயிடும். வேலைக்கே உலை வச்சுக்காதீங்க. பொறுங்க, அடுத்தடுத்த கார்டுல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம்."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதற்கு அது என்ன ரேடியோ சத்தமா? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அவள் அம்மாவின் நம்பரைத் தேடினேன். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு கணக்கு சார் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். யார் நம்பர் என்று கேட்டார், சொன்னேன்.

"டேங்க்கா? நடிப்பு டீச்சர் அது. நாளைக்கு டெஸ்ட் இருக்குல்ல…"

கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே மூச்சுள்ளவரை ஊதினேன். பஞ்சு கீழே விழுந்தது. வேலை போனால் போகட்டும் என்று போனைப் போட்டேன்.

மாலைக்குள் தெரிந்துவிட்டது. சர்க்கரை. எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா மயக்கத்துலதான் தூக்கிட்டு வந்திருப்பீங்க" என்றாராம் டாக்டர். இனி தினமும் ஊசி, ஆனால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா தையல்காரி. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. யூனிஃபார்ம் ஸ்கர்ட்டை இடுப்புல ரெண்டு தடவ புடிச்சு தைச்சேன். டாக்டர்கிட்ட காட்டலாம்னு கெளம்பின அன்னைக்குத்தான் உங்க கார்டு வந்துச்சு. ரெண்டு கிலோ ஏறியிருக்குன்னு போட்டிருந்தீங்க. சரி, என் டேப்புதான் தப்புன்னு விட்டுட்டேன்."

தலைமையாசிரியையைத் திட்டலாம், கணக்கு சாரைத் திட்டலாம். நேற்றெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த எண்ணை எழுதியது என் பேனா.

"உங்க டேப் சரிதாம்மா. நான்தான் அளக்காம எழுதிட்டேன்" என்றேன்.

என் கையை விட்டுவிட்டார்.

"அளக்கவே இல்லையா டீச்சர்?"