செங்கல் சுவரில் ஒரு விரிசல்

ஸ்டுடியோ மேசையில் இரண்டு பெரிய பிரிண்ட்கள் கிடந்தன. இரண்டிலும் எதிர்வீட்டுச் செங்கல் சுவர். ஒன்றை அவள் புருஷன் ஃபிலிமில் எடுத்திருந்தான், மற்றதை அவனுடைய தங்கை புருஷன் நேற்று டிஜிட்டலில். எதில் நுணுக்கம் அதிகம் என்று மச்சானும் மாப்பிள்ளையும் காலையிலிருந்து வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் எத்தனையோ முகங்கள் இருக்க, கேமராவைச் சோதிக்க இந்த ஆட்களுக்குச் சுவர்தான் கிடைக்கும். அதுவும் மாப்பிள்ளை குடியிருக்கும் வீட்டுச் சுவர்.

இரண்டையும் பிரிண்ட் போட்டவள் அவள்தான். டீ கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். ஒருத்தரும் நிமிரவில்லை.

"இந்த விரிசலப் பாருங்க மாப்ள," என்று புருஷன் பூதக்கண்ணாடியை நகர்த்தினான். "என் படத்துல மயிரிழை மாதிரி இருக்கு. உங்க படத்துல விரல் தண்டிக்கு. உங்க கேமரா கோட்டை அப்பி வச்சிருக்கு."

"நாப்பத்தஞ்சு மெகாபிக்சல் மச்சான், அது அப்பாது. உங்க ஃபிலிம்லதான் விரிசலே சரியா பதியல. பொடிப்பொடியா மணல் தெரியுது, அதைப் போய் நுணுக்கம்னு சொல்றீங்க."

இருவருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். டீ குடிக்க அவர்கள் வாய் ஓய்ந்த நேரத்தில் அவள் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். சுவரின் மேல் ஓடிய மின்கம்பி இரண்டு படத்திலும் ஒரே தடிமனில் இருந்தது. செங்கல் இடுக்குகளும் அப்படியே. விரிசல் மட்டும்தான் தடித்திருந்தது. கேமரா அப்பியிருந்தால் கம்பியையும் அல்லவா அப்பியிருக்க வேண்டும்? டிஜிட்டல் படத்தின் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்தன. ஃபிலிம் படத்தில் கொடி காலி. நாத்தனார் குழந்தைக்கு இப்போது நான்கு மாதம்.

அப்படியானால் ஃபிலிம் படம் குழந்தை பிறக்கும் முன்பே எடுத்தது. முப்பத்தாறு படமும் முடியாமல் ரோலைக் கழுவப் புருஷனுக்கு மனசு வராது. கழுவியது போன வாரம் என்பதால், எடுத்ததும் அப்போதுதான் என்ற நினைப்பிலேயே இருக்கிறான்.

"என்னங்க, இந்தச் சுவர் ரோல்ல எத்தனாவது படம்?"

"மூணாவது."

"ரோல் எப்பப் போட்டீங்க?"

"அது ஆச்சு, ஆறு மாசம்."

"அப்ப தப்பு கேமரால இல்ல. சுவர் பிளந்துட்டு வருது. தம்பி, பாப்பா தொட்டில் அந்தச் சுவரோரமாத்தான கிடக்கு?"

மாப்பிள்ளை எழுந்து ஓடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தாடையைச் சொறிந்தான். "ஆமாக்கா. ஆனா ஆறு மாச வித்தியாசம்னா இந்த டெஸ்ட்டே செல்லாதே, மச்சான்."

"ஒரே நேரத்துல மறுபடி எடுத்துருவோம்," என்றான் புருஷன். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

இவனோடுதான் பன்னிரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறாள். அந்த நினைப்பே, பாதி தின்ற பழத்தில் புழுவைப் பார்த்தது போல அருவருப்பாக இருந்தது. போனை எடுத்தாள்.

"குழந்தையத் தூக்கிட்டு வெளிய வா. எதையும் எடுத்துட்டு நிக்காத."

"என்ன அண்ணி?"

"வா, சொல்றேன்."

நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, புரியாமல் ஸ்டுடியோ ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். அதற்குள் ஜன்னலோரம் இரண்டு கேமராவும் ஸ்டாண்டில் ஏறியிருந்தன.

"அவள விரிசல் பக்கத்துல போய் நிக்கச் சொல்லு," என்றான் புருஷன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அளவு தெரியும்."

"ரெண்டே நிமிஷம்க்கா," என்றான் மாப்பிள்ளை.

அவள் ஜன்னல் கதவை இரண்டு கேமராக்களின் மேலும் அறைந்து சாத்திவிட்டுப் படியிறங்கினாள். "ஐயோ, லென்ஸ்," என்று மேலே இரண்டு குரல்களும் சேர்ந்து கேட்டன. அன்று காலையில் அவர்கள் பதறியது அப்போதுதான்.